டச்சுக்காரத் தாத்தாவைத் தேட எதை முதல்ல தொடறது: பத்திரமா, சர்ச் பதிவேடா, ஆம்ஸ்டர்டாமா?

எங்க மாப்பிள்ளை வெள்ளைக்காரர். நியூஜெர்சியில சாமர்செட் கவுண்டிப் பக்கம் அவங்க குடும்பம் தலைமுறை தலைமுறையா இருக்கு, குடும்பப் பேரு 'வான்'ல ஆரம்பிக்கும், முழுசா சொல்ல வேண்டாம். ஆறு மாச விசாவுல பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்ப மாப்பிள்ளையோட அம்மா, அதான் எங்க சம்பந்தியம்மா, ஒரு தடி ஃபைலைத் தூக்கிட்டு வந்து சாப்பாட்டு மேஜை மேல வச்சாங்க. டச்சுக்காரன் காலத்துல கப்பலேறி வந்த முதல் தாத்தா யாரு, அவர் நிலம் எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும், நீங்க முப்பது வருஷம் பத்திரமே பாத்தவராமே, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்கன்னாங்க. நான் ஊர்ல வக்கீல் ஆபீஸ்ல, பேங்க் லோனுக்கு லீகல் ஒப்பீனியன் எழுத தாய்ப்பத்திரம் வில்லங்கம்னு தோண்டித் தோண்டியே கண்ணாடி பவர் ஏறிப்போனவன். எந்த ஊரா இருந்தா என்ன, பத்திரம் பத்திரம்தானேன்னு உக்காந்தேன். அது பாதிதான் சரின்னு ஒரு வாரத்துல தெரிஞ்சிடுச்சு.

ஃபைல்ல முதல் பக்கமே ஒரு கலர் படம். கேடயம், ரெண்டு சிங்கம், கீழ லத்தீன்ல ஏதோ. எவனோ காசு வாங்கிட்டுப் பண்ணிக் கொடுத்தது. அடுத்த பக்கம் நெட்லேர்ந்து எடுத்த குடும்ப மரம், அதுல 1600 வரைக்கும் பேரு போகுது, ஆனா எந்தப் பேருக்குக் கீழயும் ஒரு ஆதாரம் கிடையாது. மூலம் இல்லாத ஜெராக்ஸை நான் எப்பவும் ஓரமாத்தான் வைப்பேன், இதையும் வச்சேன். சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம், சிங்கம் அழகா இருந்துச்சாம்.

சரி, வழி என்னென்ன இருக்குன்னு பாத்தோம். கவுண்டி ஆபீஸ் பத்திரங்களை இன்னைலேர்ந்து பின்னாடி நோக்கிப் பிடிச்சுட்டே போறது ஒண்ணு. 1664ல இங்கிலீஷ்காரன் கைக்குப் போற வரைக்கும் நியூயார்க், நியூஜெர்சிப் பக்கம் டச்சுக்காரன் ஆட்சிதான், அந்த டச்சு அரசாங்கம் கொடுத்த நிலப் பட்டயங்கள் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து இருக்கு, அங்க ஆரம்பிச்சு முன்னாடி வர்றது இன்னொண்ணு. டச்சு ரிஃபார்ம்டு சர்ச்சோட ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடு மூணாவது. நேரா ஆம்ஸ்டர்டாம் ஆவணக் காப்பகத்துல போய்த் தேடறது நாலாவது. இதெல்லாம் வேணாம், காசு கொடுத்து ஒரு ஆராய்ச்சியாளரை வச்சிடலாம்கறது மாப்பிள்ளையோட யோசனை, அவருக்கு எல்லாத்துக்கும் அதுதான் யோசனை.

எதை முதல்ல எடுக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த ஜனங்களோட பேரு சமாச்சாரம் புரியணும், அது புரியாம இறங்கினா எந்த வழியில போனாலும் முட்டுச்சந்துதான். அந்தக் காலத்து டச்சுக்காரங்கள்ல சாதாரண ஜனத்துக்கு நிரந்தரக் குடும்பப் பேருன்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாது. நம்ம இனிஷியல் மாதிரிதான், அப்பா பேரு ஒட்டிக்கும். யானோட பையன் பீட்டர்னா அவன் பீட்டர் யான்சன், அவனோட பையன் யான்னா யான் பீட்டர்சன், அவனுக்கு ஒரு பீட்டர் பொறந்தா மறுபடி பீட்டர் யான்சன். ஒரே ஊர்ல ஒரே வருஷத்துல நாலு பீட்டர் யான்சன் உக்காந்திருப்பான். இங்கிலீஷ்காரன் வந்து உக்காந்த அப்புறம்தான் மெதுவா ஒரு பேரைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டாங்க, அதுலயும் அண்ணன் ஒரு பேரு, தம்பி ஒரு பேருன்னு எடுத்துக்கிட்ட வீடு உண்டு. 'வான்'னா 'அந்த ஊர்க்காரன்'னுதான் அர்த்தம், ஜமீன் பரம்பரைன்னு அர்த்தமில்ல. இதை சம்பந்தியம்மாகிட்ட சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

ப்ரூக்ளின்ல வைக்காஃப் வீடுன்னு ஒண்ணு இன்னும் நிக்குது, நியூயார்க் நகரத்துலயே பழைய கட்டடம்னு சொல்றாங்க, இப்ப மியூசியம். அந்த வீட்டுக்காரர் பேரு பீட்டர் க்ளாசன். 1637ல வந்தவர், மேல ஹட்சன் ஆத்தங்கரையில ரென்சலார்ஸ்வைக்ங்கற பெரிய எஸ்டேட்ல பண்ணையாளா வேலை பாத்துட்டு அப்புறம் லாங் ஐலண்ட் வந்தவர். இங்கிலீஷ்காரன் காலத்துலதான் அவர் வைக்காஃப்னு பேரு வச்சுக்கிட்டார். இப்ப ஒருத்தர் 1640கள் ரெக்கார்டுல 'வைக்காஃப்'னு தேடினா என்ன கிடைக்கும்? ஒண்ணுமே கிடைக்காது, ஆள் என்னமோ அங்கதான் இருக்கார்.

ஆனா நிலம் பேரு மாத்திக்காது பாருங்க. ஊர்க்காரன் யான்சன்னு சொன்னாலும் வான் ஏதோன்னு சொன்னாலும் அவன் வயல் அதே ஓடைக்கும் அதே சதுப்புக்கும் நடுவுலதான் கிடக்கும், அதே பக்கத்து வீட்டுக்காரன் பேரு நாலெல்லையில வரும். அதனால நான் சொன்னது, பேரைத் தேடாதீங்க, நிலத்தைத் தேடுங்க, நாலெல்லையில யாரு வர்றாங்கன்னு எழுதிட்டே வாங்கன்னு. முப்பது வருஷ அனுபவத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அது, அங்கயும் எடுபட்டுச்சு.

முதல்ல டச்சுப் பட்டயங்கள். இதுல கை வைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை வரும், ஏன்னா சினிமா மாதிரி இருக்கும். டச்சு வெஸ்ட் இந்தியா கம்பெனி பேருல கவர்னர் கொடுக்கற நில ஒதுக்கீட்டுக்கு க்ரொண்ட்பிரீஃப்னு பேரு, நம்ம அசைன்மெண்ட் பட்டா மாதிரி வச்சுக்கலாம். 1630லேர்ந்து 1664 வரைக்குமான நிலக் காகிதங்கள் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கு, பக்கங்களோட ஸ்கேனும் நெட்ல இருக்கு, மொழிபெயர்ப்பும் இலவசமா படிக்கலாம். அது கிடைச்சதே பெரிய கதை. 1911 மார்ச் 29ஆம் தேதி ஆல்பனி தலைமைச் செயலகக் கட்டடத்துல தீ பிடிச்சு லைப்ரரியே வெந்து போச்சு. டச்சுக் கட்டுகள் கீழ்த் தட்டுல இருந்துச்சு, மேல் தட்டுலேர்ந்த இங்கிலீஷ் ஆவணங்கள் அது மேல சரிஞ்சு விழுந்து மூடினதால ஓரம் கருகினதோட பிழைச்சுது. அதுக்கு ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் முன்னாடி வான் டெர் கெம்ப்னு ஒரு வயசானவர், பாதி கண்பார்வை போன நிலைமையில, மொத்தத்தையும் அவசர அவசரமா மொழிபெயர்த்து வச்சிருந்தார், தப்பும் தவறுமா இருக்கும்னு பேரு, அது முழுக்க எரிஞ்சு போச்சு. எரிய வேண்டியது எரிஞ்சு இருக்க வேண்டியது தப்பிச்சுதுன்னு ஒரு நிம்மதி எனக்கு. 1974லேர்ந்து சார்லஸ் கெரிங்னு ஒருத்தர் உக்காந்து புதுசா மொழிபெயர்த்தார், ஏறக்குறைய 12,000 பக்கம் கொண்ட குவியல், வாழ்நாள் வேலை.

இந்த வழியோட நல்லது என்னன்னா விவரம் கொட்டும். ஒரு கிரயத்தைச் சொல்றேன், இது ஊரறிஞ்சது, வான் வோர்ஹேஸ் குடும்பத்தோட முதல் ஆள் ஸ்டீவன் கூர்ட்டன் வாங்கினது. ஆள் 1660ல பொண்டாட்டி பிள்ளைகளோட ட்ரெந்தேங்கற பகுதியிலேர்ந்து 'புள்ளிப் பசு'ன்னு பேரு வச்ச கப்பல்ல வந்தார். அந்த வருஷம் நவம்பர் 29ஆம் தேதியே லாங் ஐலண்ட்ல ஆமர்ஸ்ஃபோர்ட் கிராமத்துல, இப்ப ஃப்ளாட்லேண்ட்ஸ், நிலம் வாங்கிட்டார்: பயிர் நிலம் 9 மோர்கன், காடு 7 மோர்கன், சமவெளி 10 மோர்கன், உப்புப் புல்வெளி 5 மோர்கன், விலை 3,000 கில்டர். அதுக்கு மேல வீடும் மனையும், கூடவே பீர் காய்ச்சற கொட்டகை, அண்டா, பீப்பாய் உள்பட 300 கில்டர். தட்டுமுட்டுச் சாமான் வரைக்கும் அட்டவணை போட்டு எழுதியிருக்கான் பாருங்க, எங்க ஊர் ரைட்டர் பலபேருக்கு இந்த ஒழுங்கு வராது. மோர்கன்னா காலை நேரம்னு அர்த்தம், ஒரு காலைப் பொழுதுல உழற அளவு நிலம், ஏறக்குறைய ரெண்டு ஏக்கர்னு வச்சுக்கிட்டா போதும்.

ஆனா இந்த வழியில ஒரு பெரிய ஆபத்து இருக்கு. 1660ல ஒரு ஆளைப் பிடிச்சுட்டு அவன்தான் நம்ம தாத்தான்னு முடிவு பண்ணிட்டு அங்கேர்ந்து கீழ இறங்கி வந்தா, நடுவுல எங்கயோ நாலு பீட்டர் யான்சன்ல தப்பான பீட்டர் யான்சனைக் கோத்து விட்டுடுவோம். சம்பந்தியம்மா வச்சிருந்த குடும்ப மரம் அப்படித்தான் பண்ணினது. ஊர்ல ஒரு பத்திரம் கிடைச்சா போதும்னு முன்னோர் சொத்துன்னு கேஸ் போட வருவாங்களே, அதே வியாதி.

அதனால எனக்குப் பிடிச்சது பின்னாடி நோக்கிப் போற வழி. இன்னைக்கு யாரு பேருல இருக்கோ அவங்க யாருகிட்ட வாங்கினாங்க, அவங்க யாருகிட்ட வாங்கினாங்கன்னு போறது. நியூஜெர்சி, நியூயார்க் ரெண்டுலயும் கவுண்டி கிளார்க் ஆபீஸ்ல வித்தவர் பேரு வாரியா ஒரு அட்டவணை, வாங்கினவர் பேரு வாரியா ஒரு அட்டவணை இருக்கும். நிறைய புத்தகம் பேமிலிசர்ச் தளத்துல ஸ்கேனா இருக்கு, ஃப்ரீ அக்கவுண்ட் போதும், இப்ப கொஞ்ச வருஷமா கையெழுத்தையே கம்ப்யூட்டர் படிச்சு, பத்திரத்துக்குள்ள எங்க பேரு வந்தாலும் காட்டற வசதி வந்திருக்கு, வித்தவன் வாங்கினவன் பேரு மட்டும் இல்ல, நாலெல்லையில வர்ற பக்கத்துக்காரன் பேரும் சாட்சி பேரும் மாட்டும். இது வந்ததுலேர்ந்து என் கணக்குல இந்த வழி மத்த எல்லாத்தையும் தாண்டிடுச்சு. படிக்கறதுல தப்பு வரத்தான் செய்யும், 'வான்'னை என்னென்னமோவா படிச்சு வைக்கும், அதனால ஊர் பேரு, ஓடை பேரு போட்டும் தேடணும்.

கஷ்டம் எங்கன்னா, போகப் போகப் படிக்கட்டு உடைஞ்சிருக்கும். நியூஜெர்சியில கவுண்டி ஆபீஸ்ல பத்திரம் பதியறது 1785லேர்ந்துதான் ஆரம்பம், அதுக்கு முன்னாடி பதிஞ்சது நியூஜெர்சித் தலைநகர் ட்ரென்டன்ல ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கு, அதுவும் பதிஞ்சவன் பதிஞ்சது மட்டும். நிறையப் பேரு பத்திரத்தை எழுதி பெட்டியில போட்டுட்டு பதியவே மாட்டான், ரெண்டு தலைமுறை கழிச்சு வெளியாளுக்கு விக்கும்போதுதான் வெளிய வரும். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கறது எல்லா ஊர்லயும் ஒரே புத்திதான். அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்குப் போற நிலத்துக்குப் பத்திரமே இருக்காது, உயில்ல ஒரு வரிதான் இருக்கும், இல்லன்னா அதுவும் இருக்காது. அதனால பத்திரத்தை மட்டும் பாத்தா சங்கிலி அறுந்த மாதிரி தெரியும், உயிலையும் சேர்த்துப் பாக்கணும். 1804க்கு முந்தின நியூஜெர்சி உயிலும் ட்ரென்டன்லயேதான், ஒரே அலைச்சல்ல முடிஞ்சிடும்.

இப்ப நான் ரொம்ப ரசிச்ச இடத்துக்கு வரேன். இங்கிலீஷ் சட்டப்படி உயில் இல்லாம செத்தா நிலம் மூத்த பையனுக்கு. டச்சு வழக்கம் அப்படி இல்ல, பையன் பொண்ணு எல்லாருக்கும் சமபாகம், புருஷன் செத்தா பொண்டாட்டி வீட்டையும் நிலத்தையும் கையில வச்சு நடத்துவா. ரெண்டு பேரும் உயிரோட இருக்கும்போதே சேர்ந்து ஒரே உயில் எழுதறதும் உண்டு. 1664ல டச்சு கவர்னர் ஸ்டைவசண்ட் ஊரை இங்கிலீஷ்காரன்கிட்ட ஒப்படைச்சப்ப எழுதின உடன்படிக்கையிலயே, பதினோராவது ஷரத்து, டச்சுக்காரங்க வாரிசு விஷயத்துல அவங்க வழக்கத்தையே வச்சுக்கலாம்னு இருக்கு. இதனால நமக்கு என்ன லாபம்? அப்பன் செத்து இருவது வருஷம் கழிச்சு நிலத்தை விக்கும்போது அத்தனை வாரிசும் வந்து நிக்கணும். ஒரே பத்திரத்துல அண்ணன் தம்பி பேரு எல்லாம், கல்யாணமான பொண்ணுங்களுக்குப் பதிலா மருமகனுங்க பேரு 'அவர் மனைவி இன்னாரின் உரிமைப்படி'ன்னு எல்லாம் வரிசையா வரும். யாரு எந்தக் குடும்பப் பேரை வச்சுக்கிட்டாங்கன்னு ஒரே காகிதத்துல தெரிஞ்சிடும். பத்து சர்ச் பதிவுக்குச் சமம் இந்த ஒரு பத்திரம். அதனால நிலம் எப்படிக் குடும்பத்துக்குள்ள வந்துச்சுன்னு தேடறதுக்கு முன்னாடி, எப்படி வெளிய போச்சுன்னு தேடுங்கன்னு நான் எல்லாருக்கும் சொல்றேன்.

ரெண்டு காலத்துக்கும் நடுவுல பாலம் மாதிரி இன்னொரு சமாச்சாரம் இருக்கு. இங்கிலீஷ் கவர்னர் நிக்கல்ஸ் வந்து, டச்சுக் காலத்துப் பட்டயத்தை எல்லாம் கொண்டு வாங்க, புதுசா உறுதிப்பத்திரம் தர்றேன், கட்டணம் கட்டுங்கன்னுட்டார். 1667ல நிறைய கொடுத்திருக்காங்க. அதுல முன்கதை எழுதியிருக்கும், இன்ன வருஷம் டச்சு கவர்னர் இன்னாருக்குக் கொடுத்தார், அவர் இன்னாருக்கு வித்தார், இப்ப இவர் கையில இருக்குன்னு. நாம ஒப்பீனியன்ல எழுதற 'டைட்டில் ட்ரேசிங்' அப்படியே. டச்சு மூலம் தொலைஞ்சு போனாலும் இது பேசும்.

எல்லாம் சொந்த நிலம் வச்சிருந்தவனுக்குத்தான் இது. ஆல்பனியைச் சுத்தி ரென்சலார்ஸ்வைக் எஸ்டேட்ல இருந்த குடும்பம்னா இந்த வழி உங்களைக் கைவிட்டுடும். அது கிலியன் வான் ரென்சலார்னு ஆம்ஸ்டர்டாம் வைர வியாபாரிக்கு 1630ல கிடைச்ச ஜமீன், அந்த மனுஷன் ஒருநாள் கூட அந்தப் பக்கம் வந்ததில்ல. அங்க இருந்தவங்க குத்தகைக்காரங்க. 1800கள் வரைக்கும் கோதுமையும் நாலு கொழுத்த கோழியும் வண்டியோட ஒருநாள் வேலையும்னு குத்தகை அளந்துட்டே இருந்தாங்க, 1839ல தகராறு முத்திப் பெரிய கலகமே ஆச்சு. குத்தகைக்காரன் பேருல கிரயப் பத்திரம் எங்கேர்ந்து வரும்? அங்க தேட வேண்டியது ஜமீன் கணக்குப் புத்தகம், குத்தகைச் சீட்டு, கடிதங்கள், எல்லாம் நியூயார்க் ஸ்டேட் லைப்ரரியில இருக்கு. 1630லேர்ந்து 1658 வரைக்கும் வந்து குடியேறினவங்க பட்டியலும் அச்சுல இருக்கு, யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்தக் கப்பல்ல வந்தான்னு. ஒரு வகையில பத்திரத்தை விட இது மேல்.

சர்ச் பதிவேட்டைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். நியூ ஆம்ஸ்டர்டாம், அதான் டச்சுக் காலத்து நியூயார்க், அங்க டச்சு சர்ச்ல 1639லேர்ந்து ஞானஸ்நானமும் கல்யாணமும் இருக்கு, கல்யாணப் பதிவுல மாப்பிள்ளைக்கு எந்த ஊருன்னு எழுதியிருப்பான், கடல் தாண்டின ஊர் பேரு கிடைக்க அதுதான் நல்ல இடம். பொம்பளைங்க கல்யாணத்துக்கு அப்புறமும் சொந்தப் பேரையே வச்சுக்கிட்டாங்க, அதுவும் வசதி. குழந்தைக்கு சாட்சி நிக்கறவங்க பெரும்பாலும் தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை. எல்லாம் நல்லதுதான், ஆனா பாதி ஊருக்குப் புத்தகமே இல்ல. ஆல்பனி ஞானஸ்நானம் 1683லேர்ந்துதான், அதுக்கு முந்தினது தொலைஞ்சு போச்சு. ஃப்ளாட்புஷ் 1677லேர்ந்து. அந்த ஓட்டையை நிலப் பத்திரம்தான் அடைக்கணும். அப்புறம் நாலு பீட்டர் யான்சன் பிரச்சினை சர்ச்சுல தீராது, நாலு பேருக்கும் குழந்தை பொறந்திருக்கும், நாலும் யான்தான்.

ஆம்ஸ்டர்டாம் பத்தி ஒரு பத்தி போதும். அங்க நோட்டரி ஆவணங்கள் 1578லேர்ந்து 1915 வரைக்கும் கிலோமீட்டர் கணக்குல அலமாரியில நிக்குது, 2017ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துச்சு, தன்னார்வலர்கள் நெட்ல அட்டவணை போட்டுட்டு இருக்காங்க. கப்பலேறும் முன்னாடி போட்ட வேலை ஒப்பந்தம், பவர் பத்திரம் எல்லாம் மாட்டும். ஆனா இதைக் கடைசியாத்தான் தொடணும். வந்தவங்கள்ல கணிசமான பேர் ஹாலந்துக்காரங்களே இல்ல, ஜெர்மன்காரன், நார்வேக்காரன், பிரெஞ்சு பேசற வலூன்காரன்னு கலவை. இந்தப் பக்கம் ஆள் யாருன்னு உறுதி பண்ணாம அந்தப் பக்கம் யான் பீட்டர்சன்னு தேடினா ஆயுசு பத்தாது. சம்பந்தியம்மா முதல்ல அங்கதான் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் தொலைச்சிருந்தாங்க.

காசு கொடுத்து ஆள் வைக்கறது தப்பில்ல, ஆனா எதுக்கு வைக்கறோம்னு தெரிஞ்சு வைக்கணும். "எங்க தாத்தாவைக் கண்டுபிடிங்க"ன்னு சொன்னா மணிக்கணக்குல மீட்டர் ஓடும். 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்துல இந்த ரெண்டு பக்கம் இருக்கு, படிச்சுச் சொல்லுங்கன்னா வேலை அளவா முடியும், காசும் அளவா போகும். மாப்பிள்ளைகிட்ட இதைச் சொன்னேன், தலையாட்டினார், மாப்பிள்ளைங்க தலையாட்டறதை நம்ப முடியாது.

அப்ப எங்க முடிவு என்னன்னா, குடும்பம் எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு பாத்து வழியை எடுத்தோம். சாமர்செட் டச்சுக்காரங்கள்ல நிறைய பேர் லாங் ஐலண்ட் கிங்ஸ் கவுண்டியிலேர்ந்து, நம்ம ப்ரூக்ளின்தான், 1700ஐ ஒட்டி ராரிட்டன் ஆத்தங்கரை மில்ஸ்டோன் ஆத்தங்கரைப் பக்கம் நிலம் மலிவுன்னு வந்தவங்க. அதனால நியூஜெர்சி பத்திரத்துல பின்னாடி போய், வந்த முதல் ஆளைப் பிடிச்சு, அவன் லாங் ஐலண்ட்ல விட்டுட்டு வந்த நிலத்தை விக்கற பத்திரத்தைத் தேடறதுன்னு வச்சுக்கிட்டோம். அங்க இன்னொரு உதவி, 1687ல கிங்ஸ் கவுண்டி ஆம்பளைங்க எல்லாரும் இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்த பட்டியல், ஒவ்வொருத்தன் பேருக்கும் பக்கத்துல இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருஷம்னு இருக்கு, இங்கயே பொறந்தவன்னா அதுவும். அதுலேர்ந்து கழிச்சா வந்த வருஷம் கையில. இதே குடும்பம் மன்ஹாட்டன்னா நான் சர்ச்சையும் பட்டயத்தையும் சேர்த்து எடுத்திருப்பேன், கிங்ஸ்டன் பக்கம்னா அங்க டச்சு கோர்ட் பதிவுகள் மொழிபெயர்த்து இருக்கு, அதுல ஆரம்பிச்சிருப்பேன், ஆல்பனின்னா சொன்னேனே, ஜமீன் கணக்கு.

தேதி பாக்கறதுல ஒரு எச்சரிக்கை. இங்கிலீஷ்காரன் 1752 வரைக்கும் பழைய காலண்டர், வருஷப் பிறப்பு மார்ச் 25. அதனால பிப்ரவரி 1670னு எழுதியிருந்தா நம்ம கணக்குல அது 1671. இது தெரியாம நான் ஒரு பத்திரத்துல செத்தவன் கையெழுத்துப் போட்டிருக்கான்னு ரெண்டு நாள் குதிச்சேன், போர்ஜரியே கண்டுபிடிச்சிட்டேன்னு மாப்பிள்ளைகிட்ட பெருமை வேற.

இன்னொண்ணு, சொத்து ஆவணம்னு இறங்கினா மனுஷங்களும் சொத்தா வருவாங்க. எங்க தேடல்ல ஒரு உயில், பசு நாலு, குதிரை ரெண்டுன்னு வர்ற அதே பட்டியல்ல ஒரு நீக்ரோப் பெண்ணும் அவ குழந்தையும்னு இருந்துச்சு, பேரு கூட எழுதல. சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு ரொம்ப நேரம் பேசல. 1790 கணக்கெடுப்புல கிங்ஸ் கவுண்டி ஜனத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அடிமைகள். அதே டச்சுப் பட்டயப் புத்தகத்துலதான் 1640கள்ல விடுதலை வாங்கின ஆப்பிரிக்கர்களுக்கு மன்ஹாட்டன்ல இப்ப வாஷிங்டன் ஸ்கொயர் இருக்கற பக்கம் கொடுத்த நிலமும் பதிவாகியிருக்கு. அந்தப் பொண்ணோட வம்சம் யாராவது எங்கயாவது உக்காந்து இப்படித் தேடினா அவங்களுக்கு இந்த உயில்தான் ஒரே துப்பா இருக்கும்னு சொல்லி, சம்பந்தியம்மா அந்தப் பக்கத்தைத் தனியா நகல் எடுத்து வச்சாங்க.

நிலத்தைக் கண்டுபிடிச்சா நமக்கு ஏதாவது பாத்தியதை வருமான்னு மாப்பிள்ளை விளையாட்டாக் கேட்டார். மன்ஹாட்டன்ல ஆனெக்கே யான்ஸ்னு ஒரு விதவை இருந்தாங்க, 1636ல அவங்க முதல் புருஷன் ரூலோஃப் யான்சனுக்குக் கிடைச்ச 62 ஏக்கர் பண்ணை. 1671ல வாரிசுங்க அதை இங்கிலீஷ் கவர்னர் லவ்லேஸுக்கு வித்தாங்க, ஒரு பையன் வழி வாரிசு மட்டும் அதுல கையெழுத்துப் போடல. 1705ல ராணி ஆன் அந்த நிலத்தை ட்ரினிட்டி சர்ச்சுக்குக் கொடுத்துட்டாங்க. அந்த ஒரு கையெழுத்தை வச்சுக்கிட்டு இருநூறு வருஷம் கேஸ் நடத்தியிருக்காங்க, கோர்ட்ல எல்லாம் தோல்விதான், நடுவுல வாரிசு சங்கம்னு ஆரம்பிச்சு ஊர் ஊரா சந்தா வசூல் பண்ணி ஏப்பம் விட்டவங்க எத்தனையோ பேர். அதனால பாத்தியதைப் பேச்சு வேண்டாம்னேன்.

ஆனா அந்தக் கதை சொல்லிட்டு இருக்கும்போதே எனக்கு உறைச்சுது. எங்களுக்குக் கிடைச்ச லாங் ஐலண்ட் வாரிசுக் கிரயத்துல உடம்புப் பகுதியில ஏழு பிள்ளைகள்னு எழுதியிருக்கு, கீழ கையெழுத்தும் கீறலும் சேர்த்து எண்ணினா ஆறுதான். எழுதத் தெரியாதவங்க ஆளுக்கொரு தனி அடையாளம் போடுவாங்க, பேரு மாறினாலும் கீறல் மாறாது, அதை வச்சு ஆறு பேரையும் உறுதி பண்ணியாச்சு. ஊரா இருந்தா ஏழாவது ஆள் கையெழுத்து இல்லாத பத்திரத்துக்கு நான் லோனே கொடுக்க விட்டிருக்க மாட்டேன். இங்க அந்த ஏழாவது ஆள்தான் எங்க ஆள்னு தோணுது, ஏன்னா அந்த வருஷம் அவன் ராரிட்டன் கரையில இருந்திருக்கணும். வித்த பங்குக்கு அவன் தனியா ஒரு விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கணும், இல்லன்னா வாங்கினவன் விட்டிருக்க மாட்டான். அதை ட்ரென்டன்ல தேட செவ்வாய்க்கிழமை போறோம், என் விசாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு.